காய்ச்சலோடு எழுதிய பேப்பர்

ரிப்பீட் எழுதுபவருக்கு 'சி'க்கு மேல் கிடையாது. இலங்கையில் கம்பஸ் வாசலை மிதித்த எவருக்கும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. முதல் தடவை கோட்டைவிட்ட பாடத்தை அடுத்த வருடம் திரும்ப எழுதி நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தாலும் பெறுபேற்றுத் தாளில் 'சி' என்றுதான் விழும். ஜி.பி.ஏ. எனும் சராசரிப் புள்ளிக் கணக்கில் 2.00தான் ஏறும். இது நியாயமா என்று கேட்டால் பெரும்பாலான விரிவுரையாளர்கள் நியாயம் என்பார்கள். எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே சித்தியடைந்த பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். நானும் அந்த விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு சங்கதி நெடுநாளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காவின் மகள், என் பெறாமகள், கொழும்பில் முகாமைத்துவம் படித்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை; இந்த விதி சின்னச் சின்ன வித்தியாசங்களோடு பல இடங்களிலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள் அவள்தான். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓடும் ஒழுங்கைகளில் ஒன்றில், இன்னும் சில பிள்ளைகளோடு போர்டிங்கில் இருந்தாள். இரண்டாம் வருடப் பரீட்சை தென்மேல் பருவமழையோடு வந்தது. அந்த மாதங்களில் கொழும்பில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்து, ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லாமல் போன வருடத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் விடவேயில்லை. பனடோலைப் போட்டுக்கொண்டு படித்தாள். புள்ளிவிபரவியல் பரீட்சை அன்று விடிய, காய்ச்சல் விட்டிருந்தது. ஊருக்கு அழைத்துத் தகப்பனிடம் சொன்னாள். "காய்ச்சல் விட்டிட்டுதெல்லோ, என்னெண்டாலும் போய் எழுதிப்போட்டு வா பிள்ளை" என்றார் அத்தான். போனாள். மண்டபத்தில் கண் இருட்டி, கணக்குப் பார்த்த எண்களே மாறி மாறித் தெரிந்தனவாம். இடையில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து திரும்ப எழுதினாள். பின்னேரம் நான் போய்க் கூட்டிக்கொண்டு இரத்தம் பரிசோதித்தபோது பிளேட்லெட் விழுந்துகொண்டிருந்தது. டெங்கு என்று அன்று இரவே வார்டில் சேர்த்தார்கள். அடுத்து இருந்த இரண்டு பேப்பர்களுக்கும் அவள் போகவில்லை, போகவும் முடியாது. ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தைப் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் காட்டி, உரிய நாட்களுக்குள் மெடிக்கல் போட்டோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பெறுபேறு வந்தது. பட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப்., சுட்டிலக்கங்கள் வரிசையாக, பக்கத்தில் எழுத்துகள். யாருடைய சுட்டிலக்கம் எது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. மெடிக்கல் போட்ட இரண்டு பாடங்களுக்கும் நேரே அதற்கான குறிப்பு. புள்ளிவிபரவியலுக்கு நேரே 'ஈ', அதாவது சித்தியில்லை. சரி, உடம்புக்கு முடியாமல் எழுதியது, அதையும் மற்ற இரண்டோடு சேர்த்து அடுத்த வருடம் எழுதட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் ஜூனியர் பட்ச்சோடு போய் மூன்றையும் எழுதினாள். மெடிக்கல் போட்ட இரண்டுக்கும் 'ஏ'யும் 'ஏ மைனஸு'ம் வந்தன. அவை முதல் தடவை எழுதியதாகவே கணக்கில் சேர்ந்தன. புள்ளிவிபரவியலுக்கு 'சி'. அது ரிப்பீட்.

ஒரே பிள்ளை, ஒரே நோய், ஒரே வாரம். போகாமல் படுத்திருந்த இரண்டு பேப்பருக்கும் முழு மரியாதை. எழுந்து போய் எழுதிய பேப்பருக்கு மட்டும் ஆயுள் முழுக்க நிற்கும் ஒரு 'சி'. அவள் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

கணக்கில் என்ன போகிறது

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒரு 'சி' பெரிய விஷயமாகத் தெரியாது. நான்கு வருட கௌரவப் பட்டம் என்றால் 120 கிரெடிட், அதாவது பாட அலகுகள். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் 'ஏ' எடுத்தால் கிரெடிட்டுக்கு நான்கு வீதம் பன்னிரண்டு புள்ளி, 'சி' எடுத்தால் இரண்டு வீதம் ஆறு. அந்த ஆறு புள்ளி வித்தியாசத்தை 120ஆல் பிரித்தால் 0.05. அவ்வளவுதான். ஆனால் பல பீடங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 3.70, செகண்ட் அப்பருக்கு 3.30, செகண்ட் லோவருக்கு 3.00 என்று கோடு போட்டிருக்கிறார்கள். 3.72 வந்திருக்க வேண்டிய பிள்ளை 3.67இல் நிற்கும்போது அந்த 0.05தான் எல்லாமே. தற்காலிக உதவி விரிவுரையாளராக விண்ணப்பிக்க ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் அப்பர் கேட்பது வழக்கம். வெளிநாட்டு மேற்படிப்புக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இன்னும் கடுமையான பீடங்களும் உண்டு. அங்கே ரிப்பீட் ஒன்று இருந்தாலே, ஜி.பி.ஏ. எவ்வளவு இருந்தாலும், கிளாஸ் கிடையாது. மருத்துவ பீடத்தில் நிலைமை வேறு விதம்: கடைசிப் பரீட்சையில் ஒன்றைத் தவறவிட்டால், உள்ளகப் பயிற்சிக்கான தகுதி வரிசையில் முதல் தடவை சித்தியடைந்தவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

பட்டம் வாங்குவதற்கு மட்டும் பார்த்தால் வாசல் அவ்வளவு குறுகலானதல்ல. மொத்த ஜி.பி.ஏ. 2.00 இருக்க வேண்டும். 'சி'க்குக் கீழே 'சி மைனஸ்', 'டி' எல்லாம் ஓர் அளவு வரை பொறுத்துக்கொள்ளப்படும். 'ஈ' மட்டும் கழுவப்பட வேண்டும். ஆகவே பெறாமகளுக்குப் பட்டம் போகவில்லை. போனது வேறு. அடுத்த வருடம் அவள் அந்தப் பேப்பரை எப்படி எழுதினாள் என்பது இனி யாருக்குமே தெரியப் போவதில்லை. தட்டுத்தடுமாறி நாற்பத்தைந்து எடுத்த ரிப்பீட் பிள்ளைக்கும், பட்ச்சிலேயே முதலாவதாக வந்த ரிப்பீட் பிள்ளைக்கும் தாளில் கிட்டத்தட்ட ஒரே எழுத்துத்தான். ஒரு பரீட்சையின் வேலை ஒருவருக்கு என்ன தெரியும் என்று சொல்வது. இங்கே சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் விடுகிறது.

மீள்பரிசீலனைக்குப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். அது பெரும்பாலும் புள்ளிகளைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது. அதில் இந்தப் பிரச்சினைக்கு மருந்து இல்லை.

அத்தான் ஏன் அப்படிச் சொன்னார்

போர்டிங்கில் இருந்த வேறொரு பிள்ளையின் அக்கா அதே பீடத்தில் படித்து முடித்தவர். பின்னாளில் அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வசனம்: "ஐயோ, ஏன் போனவ? காய்ச்சலெண்டா போகக் கூடாது, மெடிக்கல் போடோணும்." கம்பஸில் இருந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. பரீட்சைத் தாளைக் கையில் வாங்கி உட்கார்ந்துவிட்டால் அது ஒரு தடவை எழுதியதாகிவிடும், பிறகு எந்த ஆஸ்பத்திரிக் கடிதமும் செல்லாது. போகாமல் இருந்து, கடிதத்தை உரிய நாளுக்குள் கொடுத்தால், அடுத்த முறை எழுதுவதுதான் முதல் தடவை. எல்லாம் மாணவர் கைநூலில் இருக்கிறது. ஆங்கிலத்தில், துணைவிதி இலக்கங்களோடு, ஏதோ ஒரு பக்கத்தில். முதலாம் வருடத்தில் கையில் கொடுத்த அந்தப் புத்தகத்தை அவள் திறந்து பார்க்கவில்லை என்று யாராவது குறை சொன்னால், ஏ/எல் வரை தமிழில் படித்துவிட்டு வந்து முதல் மாதங்களில் ஆங்கில விரிவுரைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளை அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வவுனியா வடக்கில் வளர்ந்தவர். அவர் காலத்தில் பரீட்சை என்பது நடக்குமா என்றே தெரியாத ஒன்று. ஷெல் விழுந்தால் நிலையம் மாறும், இடம்பெயர்ந்தால் வருடமே போகும். அவருடைய வகுப்பில் ஓ/எல் எழுதாமல் விட்டவர்களில் பலர் பிறகு எழுதவேயில்லை. அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எப்பாடு பட்டாவது போய் இருந்து எழுது, தவறவிட்டால் போச்சு. அந்தச் சொல்தான் எங்கள் பிள்ளைகளைக் கொழும்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அதே சொல்தான் அன்று காலை அவளை மண்டபத்துக்கும் அனுப்பியது. கடமை தவறாதே என்று வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம், 'இண்டைக்குப் போகாதே' என்று சொல்லத் தெரிந்த அண்ணன் அக்கா உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு சட்டம் என்று துணைவிதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நடைமுறையில் அப்படித்தான் ஆகிறது.

சேரோடு கதைத்த பின்னேரம்

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். பல வருடங்கள் பரீட்சகர் சபைகளில் இருந்தவர். இந்த ஆதங்கத்தை அவரிடம் கொண்டுபோனேன். ஆறுதலாகக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, 'சி'க்கு மேல குடுக்கலாம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. என்ன நடக்கும் தெரியுமா?" என்று தொடங்கினார்.

ஒரு செமஸ்டரில் ஐந்து ஆறு பாடம். எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்து, பதினைந்து வாரத்தில் முடித்து, ஒரே தடவையில் எழுதி 'பி' எடுக்கிற பிள்ளை ஒன்று. இரண்டு பாடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மற்றவற்றில் 'ஏ' எடுத்து, விட்ட இரண்டையும் அடுத்த வருடம் ஆறுதலாகப் படித்து அதிலும் 'ஏ' எடுக்கிற பிள்ளை இன்னொன்று. இருவரையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? ரிப்பீட் எழுதுபவருக்கு ஒரு முழு வருடம் கூடுதலாகக் கிடைக்கிறது, போன வருட வினாத்தாளையும் உள்ளே இருந்தே பார்த்துவிட்டார். அந்தக் கூடுதல் நேரத்துக்கான விலைதான் 'சி' என்றார் சேர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிலும் மறுபடி எழுதுபவருக்குச் சித்திப் புள்ளியோடு நிறுத்திவிடும் வழக்கம் பரவலாக உண்டு என்றும், 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1942 வரை பிள்ளைகள் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குத்தான் பரீட்சை எழுதினார்கள், கிளாஸ் பிரிக்கும் பழக்கமே அங்கிருந்து வந்ததுதான் என்றும் சொன்னார்.

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. "சேர், மெடிக்கல் போட்ட இரண்டு பேப்பருக்கும் அவளுக்கு அதே ஒரு வருடம் கூடக் கிடைச்சதுதானே? அதுக்கு 'ஏ' குடுத்திருக்கினமே" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு, நேரம் மட்டும் காரணமில்லைதான் என்று ஒத்துக்கொண்டார். பரீட்சகர் சபையில் அவர்கள் பார்த்தது வேறொன்றை: எழுத வந்து உட்கார்ந்த பிள்ளை, 'நான் எழுதக்கூடிய நிலையில் இருக்கிறேன்' என்று தானே சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லிவிட்டு, பேப்பர் கஷ்டம் என்று கண்டபிறகு கடிதத்தோடு வந்தால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு கஷ்டமான பேப்பருக்குப் பிறகும் மெடிக்கல் குவியும். அப்படிக் குவிந்த வருடங்களை அவரே பார்த்திருக்கிறார். அதனால்தான் அந்தக் கதவை முழுதாகவே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதுவரை நான் 'சி' என்ற வரம்போடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கோளாறு அதற்கு முன்னாலேயே, 'தான் நலம் என்று பிள்ளைக்கே தெரியும்' என்ற நம்பிக்கையில் இருக்கிறது. டெங்குவில் அது அப்படியே தலைகீழ். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். வெப்பம் குறையும்போதுதான் குருதிக் குழாய்களில் இருந்து திரவம் கசியத் தொடங்கும், அடுத்த 24 தொடக்கம் 48 மணித்தியாலம்தான் டொக்டர்மார் கண்ணை மூடாமல் பார்க்கும் கட்டம். நோயாளி அன்று காலை 'இப்ப பரவாயில்லை' என்று எழுந்து உட்காருவார். இரத்தப் பரிசோதனை இல்லாமல் வைத்தியருக்கே உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றை, இருபத்தொரு வயதுப் பிள்ளை விடிய ஆறு மணிக்குத் தனியாகத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது விதி. அவள் எழுதக்கூடிய நிலையில் இருப்பதாகச் சொன்னாள்தான். அவளை ஏமாற்றியது நோய்.

இதைச் சொன்னபோது சேர் மறுக்கவில்லை. "டெங்குவை நினைச்சு அந்த விதியை ஒருத்தரும் எழுதேல்லை" என்றார். பிறகு அவராகவே, மண்டப மேற்பார்வையாளரின் அறிக்கை என்று ஒன்று உண்டு, பிள்ளை இடையில் எழுந்து போனதும் வாந்தி எடுத்ததும் அதில் பதிவாகியிருக்க வேண்டும், அது பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவை வரை போகக்கூடிய ஆவணம் என்றார். அவள் விஷயத்தில் அப்படி எழுதினார்களா, எழுதியதை எவராவது எடுத்துப் பார்த்தார்களா என்று பீட அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். பெறுபேறு உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பதில் கிடைத்தது.

நான் கேட்பது

முறை எனக்கு ஓரளவு விளங்குகிறது. விடைத்தாள் முதல் பரீட்சகர், இரண்டாம் பரீட்சகர் என்று போய், பரீட்சகர் சபையில் கூடி, பீடச் சபை தாண்டி, மூதவை அங்கீகரித்தபிறகுதான் பெறுபேறு இறுதியாகிறது. அதற்கு மாதங்கள் எடுக்கின்றன. பிள்ளைகள் காத்திருந்து களைத்துப்போகிறார்கள். ஆனால் அந்த மாதங்களில்தான் ஒரு விதிவிலக்கைப் பார்ப்பதற்கான நேரமும் இருக்கிறது. பரீட்சை நடந்த அன்றோ மறுநாளோ அரச ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டதற்குக் கட்டில் தலைப்புச் சீட்டு (வார்டில் நோயாளியின் விபரம் எழுதும் தாள்) இருந்து, மண்டபத்தில் உடம்பு முடியாமல் போனதற்கும் பதிவு இருந்தால், அந்தப் பேப்பரை எழுதாத பேப்பராகக் கொள்ளட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பொய்யாக உருவாக்குவது கஷ்டம். கடையில் வாங்கும் மெடிக்கலைப் பற்றித்தான் பயம் என்றால், அப்படி வாங்குகிறவர்கள் மண்டபத்துக்கே வருவதில்லை. அவர்களை இன்றைய விதியும் தடுக்கவில்லை.

இன்னொன்று: ஜி.பி.ஏ.வுக்கு 2.00ஐயே எடுங்கள், கிளாஸையும் அதை வைத்தே தீர்மானியுங்கள். ஆனால் பெறுபேற்றுத் தாளில் ரிப்பீட்டில் உண்மையாக எடுத்த எழுத்தைப் பக்கத்தில் அச்சிடுங்கள். முதல் தடவை 'ஈ', இரண்டாம் தடவை 'ஏ' என்று இரண்டும் இருக்கட்டும். வேலைக்கு எடுப்பவர் பார்த்து முடிவு செய்யட்டும். விழுந்து எழும்பிய பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற முதலாளிமாரும் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, மென்பொருளின் அட்டவணையில் ஒரு நிரல் கூடும்.

இவை நடக்க வருடங்கள் ஆகலாம். அதுவரை, வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு ஃபோனில் மட்டும் துணை நிற்கும் தாய் தகப்பனுக்காக இதைச் சொல்கிறேன். பரீட்சைக் காலத்தில் காய்ச்சல் என்றால், எழுதப் போவதா இல்லையா என்ற பேச்சுக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டுவிட்டது என்பதை நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். போக முடியாது என்று டொக்டர் சொன்னால் போக வேண்டாம். அன்றே பீட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். மெடிக்கல் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், தனியார் வைத்தியரின் கடிதம் செல்லுமா, பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியின் கையொப்பம் வேண்டுமா என்பதெல்லாம் பீடத்துக்குப் பீடம் மாறும், முதலாம் வருடத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். தெரியாமல் போய் உட்கார்ந்து, நடுவில் முடியாமல் போய்விட்டால், வெளியே வருமுன் மேற்பார்வையாளரிடம் சொல்லி அதைப் பதிவு செய்விக்க வேண்டும். கடிதம் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்திருங்கள். பெறாமகளின் மெடிக்கல் கடிதத்தை இரண்டாம் தடவை தேடியபோது, அலுவலகத்தில் கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்த பிரதியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.